ட்ரோன் காம்பஸ் எச்சரிக்கையும் கேலிப்ரேஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமண ஒளிப்பதிவு செய்பவர்கள், மனை அளப்பவர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வந்து மொட்டை மாடியிலிருந்து தெருவைப் படம்பிடிப்பவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் சொன்ன வாக்கிலேயே விட்டிருக்கிறேன். கேலிப்ரேஷனுக்கு அளவுத்திருத்தம் என்று நல்ல தமிழ்ச்சொல் இருந்தாலும், கேட்டவர்கள் எல்லோரும் கேலிப்ரேஷன் என்றே சொன்னதால் நானும் அதையே எழுதுகிறேன். கடையில் வாங்கி நேரே பறக்கவிடும் சிறிய ட்ரோன்களைப் பற்றியதே பெரும்பகுதி; கடைசிச் சில கேள்விகள் தாமே பூட்டிப் பறக்கவிடுபவர்களுக்கு உரியவை.

ஜிபிஎஸ்தான் இருக்கே, அப்புறம் காம்பஸ் எதுக்கு சார்?

ட்ரோன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லும். அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைச் சொல்லாது. ஒருவரைக் கண்ணைக் கட்டித் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு, 'பத்தடி வடக்கே நகருங்கள்' என்றால், வடக்கு தமக்கு முன்னால் இருக்கிறதா முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்று தெரியாமல் அவர் எந்தப் பக்கம் காலெடுத்து வைப்பார்? காற்று ட்ரோனை ஒரு மீட்டர் தெற்கே தள்ளிவிட்டால், வடக்கே திரும்ப வேண்டும் என்பது ஜிபிஎஸ் கணக்கில் கிடைத்துவிடும். வடக்கே போக முன்பக்கம் சாய வேண்டுமா, வலப்பக்கம் சாய வேண்டுமா என்பதற்குத்தான் காம்பஸ் வேண்டும்.

காரில் இந்தச் சிக்கல் வராது. கார் நகரும் திசையும் அதன் மூக்கு பார்க்கும் திசையும் ஏறக்குறைய ஒன்றே. ட்ரோனோ பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பறக்கும்; அந்தரத்தில் அசையாமல் நிற்கவும் செய்யும்.

உள்ள ஊசி மாதிரி ஏதாவது இருக்கா? தப்பா காட்டுதுன்னு ட்ரோனுக்கே எப்படித் தெரியுது?

ஊசி இல்லை. அரிசியைவிடப் பெரிதல்லாத ஒரு சிப், காந்தப்புலத்தை முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று அச்சுகளில் தனித்தனியாக அளக்கிறது. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை வேறுபடும். தமிழ்நாட்டில் அது 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி இருக்கும். இது எவ்வளவு மெல்லிய அளவு என்பதற்கு ஓர் ஒப்பீடு: குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சாதாரண அலங்கார காந்தத்தின் மேற்பரப்பில் இதைப் போல நூறு மடங்கு வலிமை இருக்கும். இவ்வளவு மெல்லியதைத் தேடும் கருவி என்பதால்தான் பக்கத்தில் இருக்கும் ஒரு சாவிக்கொத்துக்கும் அது ஆடிப்போகிறது.

தவறைக் கண்டுபிடிக்க ட்ரோனுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மூன்று அச்சுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த வலிமை அந்த இடத்தில் இருக்க வேண்டிய அளவைவிட வெகுவாகக் கூடினாலோ குறைந்தாலோ அது சந்தேகப்படும். இரண்டாவது, உடல் எவ்வளவு திரும்பியது என்பதைக் கைரோ தனியாக அளந்துகொண்டிருக்கும். கைரோ 'திரும்பவே இல்லை' என்று சொல்லும்போது காம்பஸ் 'முப்பது பாகை திரும்பிவிட்டோம்' என்றால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று பொருள். இந்த முரண்பாடு வரம்பைத் தாண்டும்போது திரையில் எச்சரிக்கை வருகிறது.

கேலிப்ரேஷன்ல ட்ரோனைச் சுத்துறது சும்மா ஒரு சடங்கு மாதிரி இருக்கு. உண்மையில என்னதான் நடக்குது?

ட்ரோனின் உடம்பிலேயே காந்தத்தன்மை இருக்கிறது. மோட்டாரில் காந்தம், கேமராவைத் தாங்கும் கிம்பலில் காந்தம், சில திருகாணிகளில் இரும்பு. இவை ட்ரோனோடு ஒட்டிக்கொண்டே திரும்புவதால், நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் காம்பஸ் சிப்புக்கு அவை ஒரே திசையில் ஒரே அளவாகவே தெரியும். பூமியின் புலம் அப்படியல்ல; ட்ரோன் திரும்பத் திரும்ப அது சிப்பின் பார்வையில் சுற்றிக்கொண்டே வரும். சுற்றும்போது மாறாமல் நிற்பது தன்னுடையது, மாறுவது பூமியுடையது என்று பிரித்தெடுப்பதற்காகத்தான் உங்களைச் சுற்றச் சொல்கிறது.

தாளில் வரைந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். குறுக்கீடு எதுவும் இல்லாத காம்பஸை ஒரு சுற்றுச் சுற்றி, முன்பின் அளவையும் இடவல அளவையும் புள்ளிகளாக வைத்தால், மையம் சரியாகச் சுழியத்தில் அமைந்த வட்டம் கிடைக்கும். காந்தமேறிய திருகாணி ஒன்று பக்கத்தில் இருந்தால் வட்டம் அப்படியே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். காந்தமேறாத, ஆனால் புலத்தை வளைத்து இழுக்கும் இரும்பு இருந்தால் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். நகர்ந்த மையத்தை மீண்டும் சுழியத்துக்குக் கொண்டுவரவும் நசுங்கலை நிமிர்த்தவும் தேவையான சில எண்களைக் கணக்கிட்டு நினைவகத்தில் எழுதி வைப்பதற்குப் பெயர்தான் கேலிப்ரேஷன். அந்த எண்கள் ட்ரோனை அணைத்தாலும் அழிவதில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

படுக்க வச்சு ஒரு சுத்து சுத்தியாச்சு. மூக்கைக் கீழ பிடிச்சு இன்னொரு சுத்து ஏன்?

மேலே சொன்ன வட்டம் இரண்டு அச்சுகளுக்கு மட்டுமே போதும். மேல்கீழ் அச்சு படுக்கைச் சுற்றில் எந்தப் புது விவரத்தையும் தருவதில்லை. தமிழ்நாட்டில் இது இன்னும் கூடுதல் உண்மை. காந்தப்புலம் தரைக்கு முற்றிலும் இணையாகக் கிடக்கும் கோடான காந்த நிலநடுக்கோடு நம் தென்முனையை ஒட்டியே செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வு மையத்தை வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகையால் நம் ஊரில் காந்தப்புலம் தரைக்கு ஏறக்குறைய இணையாகவே கிடக்கிறது, மேல்கீழ் அச்சில் விழும் பங்கு மிகச் சிறிது. மூக்கைக் கீழே திருப்பும்போதுதான் அந்த அச்சு படுக்கையாகி, அதுவும் ஒரு முழுச் சுற்றின் அளவுகளைப் பார்க்கிறது. இரண்டாம் சுற்றை அரைகுறையாகச் செய்பவர்கள் மூன்றில் ஓர் அச்சை ஊகத்தில் விட்டுவிடுகிறார்கள்.

மொட்டை மாடியில வச்சா மட்டும் எரர் வருது, கிரவுண்டுல வரல. ட்ரோன் கோளாறா?

ட்ரோனில் கோளாறு இல்லை, நீங்கள் வைத்த இடத்தில்தான். கான்கிரீட் தளத்துக்குள் ஒரு சாண் இடைவெளிக்குள்ளாகக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தூணும் பீமும் சேரும் இடத்தில் அவை கொத்தாகவே இருக்கும். தரையில் வைத்த ட்ரோனின் காம்பஸுக்கும் அந்தக் கம்பிக்கும் இடையே உள்ள தூரம் நான்கைந்து அங்குலம்தான்.

ஒருமுறை என் வீட்டு மாடியில், காந்தப்புலம் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு தரையோடு தரையாக நகர்த்திப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் தூணுக்குப் பக்கத்தில் 60ஐத் தாண்டியது. இரண்டடி தள்ளி 34க்கு இறங்கியது. அதே இடத்தில் நெஞ்சுயரத்துக்குத் தூக்கியதும் 41, 42 என்று அமைதியாகிவிட்டது. வேறு வழியின்றி மாடியிலிருந்துதான் கிளப்ப வேண்டும் என்றால், ஆடாத ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் பலகை வைத்து அங்கிருந்து கிளப்புங்கள். அந்த இரண்டடி உயரமே பெரும்பாலும் போதுமானது. இரும்பு மேசை, கார் பானட், பாதாளச் சாக்கடை மூடி, போர்வெல் குழாயின் வாய் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். திருமண மண்டபங்களில் இவற்றோடு ஜெனரேட்டர் வண்டியையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்குள் இருப்பது அசல் நிலைக்காந்தம்.

மாடியிலயே கேலிப்ரேட் பண்ணிட்டேன், வார்னிங் போயிடுச்சு. அப்போ சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. என்னிடம் வந்த கேள்விகளிலேயே அதிகச் சேதத்துக்குக் காரணமானது இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். கேலிப்ரேஷனால் திருத்த முடிந்தது ட்ரோனின் சொந்தக் காந்தத்தை மட்டுமே; இடத்தின் காந்தத்தைத் திருத்த முடியாது. மாடியின் கம்பி ட்ரோனோடு சேர்ந்து சுற்றுவதில்லை, அசையாமல் தரையில் கிடக்கிறது. ஆனால் சுற்றும்போது ட்ரோன் சில அங்குலம் இடம் மாறினாலும் கம்பியின் தாக்கம் மாறிவிடுவதால், கணக்கில் ஒரு பகுதி தவறாக ட்ரோனின் தலையில் எழுதப்பட்டுவிடுகிறது. தவறான எண்கள் நினைவகத்தில் ஏறி, அந்த இடத்தில் அந்த நேரத்துக்கு எல்லாம் பொருந்துவதுபோல் தோன்றுவதால் எச்சரிக்கை மறைகிறது.

பிறகு ட்ரோன் மேலே ஏறுகிறது. பத்து மீட்டர் உயரத்தில் கம்பியின் தாக்கம் அறவே இல்லை. தாக்கத்தைச் சரிக்கட்டுவதற்காக எழுதிய எண்கள் மட்டும் இருக்கின்றன. கால் செருப்பில் கல் மாட்டியதற்காக நொண்டி நடந்தவர், கல்லை எடுத்த பிறகும் அதே நொண்டலோடு நடப்பதைப் போன்றது இது. மறுநாள் நீங்கள் அதே ட்ரோனை நல்ல மைதானத்துக்கு எடுத்துப்போனால் அங்கேயும் அது தவறாகவே காட்டும்; மைதானத்தில் குறை இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். எச்சரிக்கை வந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது ட்ரோனைத் தூக்கிக்கொண்டு பதினைந்து இருபது மீட்டர் தள்ளிப் போவதுதான். போன இடத்தில் எச்சரிக்கை தானாக மறைந்தால் கேலிப்ரேஷன் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

ஒவ்வொரு தடவை பறக்கறதுக்கு முன்னாடியும் பண்ணணுமா? ஒருத்தர் பண்ணுங்கறார், இன்னொருத்தர் வேண்டாங்கறார்.

பழைய ட்ரோன்களின் காலத்து வழக்கம் இன்னும் வாய்வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. டிஜேஐ நிறுவனத்தின் அண்மைக்காலச் சிறிய ட்ரோன்களுக்கான கையேடுகள் மூன்று நேரங்களைச் சொல்கின்றன: கடைசியாகப் பறந்த இடத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்திருந்தால், 30 நாட்களுக்கு மேல் பறக்காமல் இருந்திருந்தால், அல்லது செயலியில் காம்பஸ் எச்சரிக்கை வந்தாலோ பின்விளக்கு சிவப்பும் மஞ்சளுமாக மாறி மாறி மின்னினாலோ. மூன்றாவதற்கு முன்னால், முந்தைய பதிலில் சொன்னபடி இடத்தை மாற்றிப் பாருங்கள் என்பது என் கருத்து.

இவற்றோடு நான் சேர்ப்பவை: கீழே விழுந்து உடல் அல்லது கை மாற்றப்பட்ட பிறகு, கிம்பலோ மோட்டாரோ மாற்றிய பிறகு, பெரிய ஸ்பீக்கரின் பக்கத்திலேயே நாள்கணக்கில் பை கிடந்திருந்தால். நல்லபடி இயங்கிக்கொண்டிருக்கும் கேலிப்ரேஷனை வாரந்தோறும் புதுப்பிப்பதால் நன்மை எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் மோசமான இடத்தில் செய்துவிடும் வாய்ப்புதான் கூடுகிறது.

சரி, செய்யறதுன்னா எங்க, எப்படி செய்யறது?

பள்ளி விளையாட்டு மைதானத்தின் நடுப்பகுதி, அறுவடை முடிந்த வயல், ஆற்றுமணல் பரப்பு ஆகியவை நல்ல இடங்கள். கார் நிறுத்துமிடம், பாலம், அடித்தளம், சாரம் கட்டிய கட்டடம் ஆகியவற்றின் பக்கம் கூடாது. மேலே சொன்ன கைப்பேசிச் செயலியைக் கொண்டு இடத்தை முதலில் சோதித்துக்கொள்ளலாம்: தரையருகே பிடித்து நாலடி நடந்து பாருங்கள், எண் ஓரிரண்டுக்கு மேல் ஆடாமல் இருந்தால் நல்ல இடம். சோதித்த பிறகு அந்தக் கைப்பேசியை ட்ரோனிலிருந்து தள்ளி வையுங்கள், ஏனென்றால் அதற்குள்ளேயே ஸ்பீக்கர் காந்தம் இருக்கிறது. கைக்கடிகாரம், இரும்பு வளையல், சாவி, காந்தப் பூட்டுள்ள இடுப்புப்பை ஆகியவையும் அப்படியே. தங்க நகையால் பாதகம் இல்லை.

பாறை நிலத்தில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. சேலத்துக் கஞ்சமலையும் திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலையும் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது செறிந்தவை. அத்தகைய மலையில் நின்றுகொண்டு, சுற்றிலும் கட்டடமே இல்லையே என்று நம்பிக் கேலிப்ரேஷன் செய்தால், மாடியில் செய்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

எத்தனை தடவை பண்ணாலும் 'ஃபெயில்'னே வருது.

இடம் சரியா என்று மேற்சொன்னபடி பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்தது, சுற்றும் விதம். ட்ரோனைக் கையில் நிறுத்தி அதன் அச்சிலேயே திருப்ப வேண்டும். கையை நீட்டிக்கொண்டு நீங்கள் பெரிய வட்டமாக நடந்தால் ட்ரோன் இடம் மாறிக்கொண்டே போகும். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி போதும். அதன் பிறகும் தோல்வி என்றால், பிறகு ஒட்டிய பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்: காந்தத்தால் ஒட்டும் மின்னும் விளக்கு, இரும்புத் திருகாணியோடு வரும் தரையிறங்கும் கால், பொருள் போடும் கருவி. எல்லாவற்றையும் கழற்றியும் சரியாகவில்லை என்றால் சிப்போ அதன் இணைப்போ பழுதாகியிருக்கலாம். அது பழுது பார்ப்பவரிடம் போக வேண்டியது.

கல்யாணத்துல பூத்தூவுற பெட்டி மாட்டினா மட்டும் எரர் காட்டுது. பெட்டியோட சேர்த்து கேலிப்ரேட் பண்ணலாமா?

செய்யலாம், ஆனால் பெட்டியைக் கழற்றிய மறுநொடி அந்தக் கேலிப்ரேஷன் செல்லாது. பெட்டியின் கதவைத் திறக்கும் சர்வோவுக்குள் சின்ன மோட்டார் இருக்கிறது. அதன் காந்தம், மூன்றாம் கேள்வியில் சொன்ன வட்டத்தை ஒரு பக்கம் நகர்த்துகிறது. காந்தத்தின் தாக்கம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், சர்வோவைக் காம்பஸிலிருந்து இரு மடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் தாக்கம் எட்டில் ஒன்றாகிவிடும். நான் பார்த்த ஒரு ட்ரோனில் பெட்டியை முன்பின்னாகத் திருப்பி மாட்டியதுமே எச்சரிக்கை நின்றுவிட்டது. முதலில் அதை முயன்று பாருங்கள்.

தரையில எந்த வார்னிங்கும் இல்ல. மேல போனதும் நிக்காம வட்டம் அடிச்சுக்கிட்டே போகுது, ஏன்?

காம்பஸ் காட்டும் திசை உண்மைத் திசையிலிருந்து வெகுவாக விலகியிருக்கிறது என்பதன் அடையாளம் இது. ட்ரோன் தன் மூக்கு வடக்கே பார்ப்பதாக நம்புகிறது, உண்மையில் கிழக்கே பார்க்கிறது என்று வையுங்கள். காற்று அதைத் தெற்கே ஒரு மீட்டர் தள்ளுகிறது. வடக்கே திரும்ப வேண்டும் என்று முன்னால் சாய்கிறது. உண்மையில் கிழக்கே நகர்கிறது. ஜிபிஎஸ் இதைப் பார்த்துவிட்டு, 'நீ கிழக்கேயும் விலகிவிட்டாய், மேற்கே வா' என்கிறது. அது இடப்பக்கம் சாய்கிறது. உண்மையில் வடக்கே போகிறது. ஒவ்வொரு திருத்தமும் தொண்ணூறு பாகை கோணலாகவே விழுவதால், குறித்த புள்ளியை நெருங்காமல் அதைச் சுற்றி வட்டமிடுகிறது.

பிழை சிறிதாக இருந்தால் வட்டம் சுருங்கிச் சுருங்கி நடுவில் வந்து நின்றுவிடும். பத்துப் பாகைப் பிழையை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். தொண்ணூறை நெருங்க நெருங்க வட்டம் பெருக்கத் தொடங்கும். தாண்டிவிட்டால், திருத்த முயலும் ஒவ்வொரு முறையும் ட்ரோன் இன்னும் தூரமாகவே போகும். 'கையை விட்டுப் பறந்துவிட்டது' என்று சொல்லப்படும் பல நிகழ்வுகள் இப்படித்தான் தொடங்குகின்றன. தரையில் எச்சரிக்கை வராததற்குக் காரணம், மாடியிலோ கார் மேலோ வைத்துக் கிளப்பியபோது ட்ரோன் அங்கே கிடைத்த தவறான திசையையே தொடக்கத் திசையாக எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். ஆகவே கிளப்பும் முன் ஒரு நொடி திரையிலுள்ள வரைபடத்தைப் பாருங்கள். அம்புக்குறி காட்டும் பக்கமும் ட்ரோனின் மூக்கு உண்மையில் பார்க்கும் பக்கமும் ஒத்துப்போக வேண்டும். தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ட்ரோனுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் இது.

பறந்துக்கிட்டிருக்கும்போது எரர் வந்தா வீட்டுக்குத் திரும்புற பட்டனை அமுக்கிடலாமா?

அமுக்காதீர்கள் என்பதே என் பதில். திரும்பி வருவதற்கும் அதே தவறான திசையைத்தான் அது நம்பியாக வேண்டும். பல ட்ரோன்கள் காம்பஸை நம்ப முடியாதபோது ஜிபிஎஸ் பிடிப்பை விட்டுவிட்டு, உடலை மட்டமாக வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும்; அந்த நிலையில் உயரம் நிலைக்கும், ஆனால் குச்சியை விட்டாலும் ட்ரோன் நிற்காது, காற்றோடு நகரும். பதறிப்போய்க் குச்சிகளை மாறி மாறித் தள்ளுவதுதான் இங்கே நிகழும் பெரிய தவறு.

கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டே, மூக்கை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வால் உங்களைப் பார்க்கும்படி திருப்புங்கள். அப்போது வலக்குச்சியின் இடப்பக்கம் உங்கள் இடப்பக்கமாகவும், கீழே இழுத்தால் உங்களை நோக்கி வருவதாகவும் இருக்கும். சிறிது சிறிதாக இழுத்துக் கொண்டுவாருங்கள். இரும்புக் கோபுரம், மேம்பாலம் ஆகியவற்றின் அருகில் இருந்தால் அதைவிட்டு விலகியதும் பெரும்பாலும் தெளிந்துவிடும். தரைக்குச் சில மீட்டர் உயரத்தில், வெளிச்சம் இருந்தால், கீழ்நோக்கிய கேமரா சென்சார் தரையைப் பார்த்தே நிலைநிறுத்திவிடும்; அதற்குக் காம்பஸ் தேவையில்லை.

கரண்ட் கம்பிக்குக் கீழ காம்பஸ் குழம்பும்னு சொல்றாங்களே?

நாம் வீடுகளில் பயன்படுத்தும் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுவது. அதன் காந்தப்புலமும் அப்படியே இருபுறமும் ஆடுவதால், ட்ரோன் சராசரி எடுக்கும்போது பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. கோபுரத்தின் இரும்புதான் அருகில் போகும்போது தொல்லை தரும். திசை மாறாமல் ஓடும் நேர்மின்னோட்டப் பாதை வேறு கதை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் பாதை 6,000 மெகாவாட் வரை கொண்டுவரக்கூடியது. முழுச் சுமையில் ஒரு கம்பியில் 3,750 ஆம்பியர் ஓடும். தனியாக எடுத்துக்கொண்டால் 30 மீட்டர் தூரத்தில் அது 25 மைக்ரோடெஸ்லா, அதாவது பூமியின் புலத்தில் பாதிக்கு மேல். இணைக் கம்பியில் எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டம் ஒரு பகுதியைக் கழித்துவிடும், ஆனால் முழுவதையும் அல்ல. காம்பஸை விடுங்கள், உயர்மின்னழுத்தப் பாதையின் பக்கத்தில் ட்ரோனுக்கு வேலையே இல்லை.

சூரியப் புயல் வந்தா காம்பஸ் கெட்டுப்போகுமா? 2024 மே மாசம் எல்லாரும் பேசுனாங்க.

காம்பஸுக்குப் பொருட்படுத்தத்தக்க கெடுதல் இல்லை. அந்த மே மாதப் புயல் இருபது ஆண்டுகளில் மிக வலிமையானவற்றுள் ஒன்று. அப்போதுகூட நம் அகலாங்குப் பகுதிகளில் புலம் அரை மைக்ரோடெஸ்லா அளவில்தான் மாறியது. 40க்கு அரை என்றால் திசையில் ஒரு பாகைக்கும் குறைவான பிழை. பாதிப்பு ஜிபிஎஸ்ஸுக்குத்தான், ஏனென்றால் செயற்கைக்கோள் அலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும்.

காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய நமக்குப் புயல் இல்லாத நாளிலும் ஒரு சங்கடம் உண்டு. சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரத்தில் இங்கே அயனிமண்டலத்தில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் எழுகின்றன. மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், இவை அதிகம். வரவேற்பு நிகழ்ச்சி நேரத்தில் செயற்கைக்கோள் எண்ணிக்கை திடீரென்று சரிவதைப் பார்த்துக் காம்பஸைக் கேலிப்ரேட் செய்யப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதே ட்ரோனை டொரண்டோ எடுத்துட்டுப் போறேன். அங்க எதாவது வித்தியாசம்?

உண்டு, இரண்டு வகையில். வடக்கே போகப் போகக் காந்தப்புலம் தரைக்குள் செங்குத்தாக இறங்கத் தொடங்குகிறது. டொரண்டோவில் மொத்த வலிமை நம்மைவிட அதிகம், ஆனால் அதில் படுக்கைத் திசையில் கிடைப்பது 18 மைக்ரோடெஸ்லா அளவுதான். திசை காட்டுவது அந்தப் படுக்கைப் பங்கு மட்டுமே. பக்கவாட்டில் 5 மைக்ரோடெஸ்லா குறுக்கீடு நம் ஊரில் ஏழு பாகைப் பிழை தந்தால், அங்கே பதினைந்து பாகை தரும். இங்கே மன்னிக்கப்பட்ட கார் பானட் அங்கே மன்னிக்கப்படாது.

இரண்டாவது, காந்த வடக்கும் வரைபட வடக்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் வேறுபாடு ஓரிரு பாகை என்பதால் நாம் அதை மறந்தே போகிறோம். டொரண்டோவில் சுமார் பத்துப் பாகை மேற்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் உலகக் காந்த மாதிரியைக் கொண்டு, ஜிபிஎஸ் இடத்தை வைத்து ட்ரோன் இதைத் தானே கழித்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, போய் இறங்கியதும் நல்ல இடத்தில் ஒருமுறை கேலிப்ரேஷன் மட்டுமே.

ஐஎம்யு கேலிப்ரேஷனும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அது கைரோவையும் முடுக்கமானியையும் மட்டமான பரப்பில் வைத்துத் திருத்துவது. மேசையின் இரும்பு அதற்குப் பொருட்டில்லை. அடிவானம் சாய்ந்து தெரிந்தாலோ, காற்றில்லாத அறையில் ஒரே பக்கமாக நகர்ந்தாலோ அதைச் செய்யுங்கள்.

நானே பூட்டின ட்ரோன். கேலிப்ரேஷன் சரி, ஆனா த்ராட்டில் ஏத்தினா தலை மெதுவா திரும்புது.

மின்கலக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் காரணம். 10 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி, 10 சென்டிமீட்டர் தூரத்தில் 20 மைக்ரோடெஸ்லாவை உண்டாக்கும்; நம் பூமிப்புலத்தில் பாதி. கேலிப்ரேஷன் செய்யும்போது மோட்டார் ஓடாததால் இது கணக்கில் வரவே இல்லை. மின்கலத்தின் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காம்பஸ் உள்ள ஜிபிஎஸ் தட்டைச் சின்னக் கம்பத்தில் உயர்த்தி வையுங்கள். அதன் பக்கத்துத் திருகாணிகளைப் பித்தளைக்கோ நைலானுக்கோ மாற்றுங்கள்.

ட்ரோனை இயக்க ஆர்டுபைலட் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினால், அதில் 'காம்பஸ்மோட்' என்ற சோதனை இருக்கிறது. விசிறிகளைக் கவிழ்த்து ஒரு இடம் தள்ளி மாட்டி, ட்ரோன் தரையை நோக்கி அழுந்தும்படி செய்து, த்ராட்டிலை ஏற்றிக் குறுக்கீட்டை அளப்பது. 30 சதவீதத்துக்குக் கீழே நல்லது. 60ஐத் தாண்டினால் கணக்கால் திருத்த முயல வேண்டாம், கம்பியையும் காம்பஸையும் இடம் மாற்றுங்கள். சோதனையின்போது கட்டித்தான் வைக்க வேண்டும். கையால் பிடிக்கக் கூடாது.

காம்பஸே வேண்டாம்னு எடுத்துட முடியாதா?

பந்தய ட்ரோன்கள் பலவற்றில் காம்பஸ் இல்லை. ஓட்டுபவர் ட்ரோன் கேமராவின் காட்சியைக் காட்டும் கண்ணாடி வழியே தாமே பார்த்து ஓட்டுவதால் திசையைப் பற்றி இயந்திரம் கவலைப்படுவதில்லை. ஆர்டுபைலட், அதைப் போன்ற இன்னொரு மென்பொருளான பிஎக்ஸ்4 ஆகிய இரண்டிலும், முடுக்கத்தையும் ஜிபிஎஸ் வேகத்தையும் ஒப்பிட்டு மூக்கின் திசையை ஊகிக்கும் கணக்கு இருக்கிறது. கிளம்பிச் சில மீட்டர் நகர்ந்த பிறகே அதற்கு விடை கிடைக்கும் என்பதால், அசையாமல் மேலே ஏறி நிற்கும் முதல் சில நொடிகளுக்கு அது உதவாது. டிஜேஐ மேட்ரிஸ் 300 ஆர்டிகே போன்ற பெரிய ட்ரோன்கள் இரண்டு ஆண்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டின் இடவேறுபாட்டிலிருந்தே திசையைக் கணக்கிடுகின்றன. அங்கே இரும்புக்கு வேலை இல்லை. கைக்கடக்கமான ட்ரோனில் அவ்வளவு தூரம் தள்ளி வைக்க இடம் கிடையாது. ஆகவே உங்களிடம் இருப்பது 249 கிராம் ட்ரோன் என்றால், காம்பஸை அப்படியே விட்டுவிட்டு, கிளப்ப ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.